வர்றேங்கன்னா போறேன்னு அர்த்தம்

அதான் அஞ்சல, இவ பாட்டுக்கு "வர்றேங்க"ன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு திரும்பி வாசப்பக்கம் நடக்குறா. அவரு பாத்தா நின்ன எடத்துலயே நிக்கிறாரு. நகரல. அவரு நகரலன்னா சுத்தி இருக்கற கோட்டுக்காரங்க யாரு நகருவாங்க. அத்தினி பேரும் நிக்கிறாங்க, எங்க காஞ்சனா மட்டும் முதுக காட்டிகினு போய்க்கினு கீறா.

அந்த மொறத்த ஓரமா தள்ளிட்டு குந்து. சாமை பாறை மேல காயுது, ரவ நேரம் காயட்டும். போட்டோவ பாத்துட்டு வந்து கேட்டியே, உங்க பேத்தி கால்ல இன்னாத்துக்கு ஷூ இல்ல, டில்லிக்கு போயும் வெறுங்காலான்னு. அதுக்குத்தான் சொல்ல வந்தேன். போன வாரம் பலாமரத்து பங்காளி சண்டைய பாதியில வுட்டேன், அது எங்கயும் ஓடிடாது. இத்த கேளு.

டில்லியில நாட்ட ஆள்றவரு வூடு. வூட்டுக்கு பின்னால தோட்டம். நம்ம ஆடு மேயிற புல்லு மாதிரி இல்லயாம், பாய் விரிச்சா மாதிரி ஒரே மட்டமா வெட்டி வச்ச புல்லாம். வெளிநாட்டு போட்டிக்கு போற புள்ளைங்கள எல்லாம் கூப்ட்டு, டீ குடுத்து, நல்லபடியா ஜெயிச்சிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பறது வழக்கமாம். அதுல நம்ம மலையிலருந்து ஒருத்தி.

அவரு பேர கேக்காத. எங்க வூட்டுக்காரரு பேரையே நான் வாய தொறந்து சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாங்கன்னா பக்கத்துல நிக்கிறவள சொல்ல சொல்லுவேன். டில்லிக்காரரு பேர மட்டும் சொல்லிடுவேனா. பெரியவருன்னு வச்சுக்கோ.

நடக்கறதுக்கு இன்னாத்துக்கு போட்டி

மொதல்ல எனுக்கு நம்பிக்கையே இல்ல. ஓட்டம்னா ஓட்டம். தாண்டறதுன்னா தாண்டறது. நடக்கறதுல இன்னா போட்டி கீது? நான் கல்யாணமான புதுசுல சீதாப்பழம் கூடைய தலைல வச்சுகினு ஒடுகத்தூர் சந்தைக்கு எறங்குவேன். வித்துட்டு, உப்பும் மொளகாயும் வாங்கினு மறுபடி ஏறுவேன். எனுக்கு யாரு மெடலு குடுத்தா? எங்க மாமியாரு "இன்னாடி இம்மாம் நேரம்"னு கேட்டாங்க, அதான் எனுக்கு கெடச்ச மெடலு.

காஞ்சனா எம் பையனோட மூத்த பொண்ணு, அது தெரியும் உனுக்கு. மேல ஆஸ்டல் பள்ளிக்கூடத்துல படிச்சா. அங்க வெளையாட்டு சொல்லி குடுக்க கண்ணமங்கலத்துலருந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க. விமலா டீச்சரு. ஒல்லியா இருப்பாங்க, கழுத்துல விசில் தொங்கும், சிரிக்கவே மாட்டாங்க. அவுங்க ஒருநா எங்க வூட்டுக்கு வந்து, குடுத்த மோர குடிக்காம கையிலயே வச்சுகினு, "ஆயா, இந்த பொண்ணு நடக்கறத பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டாங்க.

"பொறந்து பத்தாம் மாசத்துலருந்து பாத்துகினு இருக்கேன்"ன்னேன்.

"நடை போட்டிக்கு தயார் பண்ணப்போறேன்"னாங்க.

எம் பையன் உள்ளருந்து, "டீச்சர், ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க, பஸ் பாஸா?"ன்னான். அவன் வாயி அப்பிடி. அந்தம்மா அப்பவும் சிரிக்கல.

அந்த நடைக்கு சட்டம் கீது அஞ்சல. ரெண்டு காலும் ஒரே சமயத்துல மண்ண வுட்டு எழும்பக்கூடாது. ஒரு காலு எப்பவும் கீழ இருக்கணும். முன்ன வெக்கிற காலு முட்டி மடங்கக்கூடாது, கம்பு மாதிரி நீட்டா வரணும். இப்பிடி வச்சுகினு ஓடறவன் வேகத்துக்கு போவணும். வழி நெடுக ஆளுங்க நின்னுகினு காலையே பாத்துகினு இருப்பாங்க. காலு எழும்பிச்சின்னா சிவப்பு அட்டை. ஒண்ணு, ரெண்டு வரைக்கும் பரவால்ல. மூணாவது வந்துச்சின்னா வெளிய போன்னுடுவாங்க. எம்மாம் தூரம் நடந்திருந்தாலும் நடக்காத மாதிரிதான்.

நானும் வாசல்ல நடந்து பாத்தேன். யாரும் இல்லன்னு நெனச்சிகினு. இடுப்ப ஒரு பக்கம் வளைச்சி, கைய மடக்கி. எம் மருமவ சாணி வாரிகினு வந்தவ பாத்துட்டா.

"இன்னா அத்த, இடுப்பு புடிச்சிகிச்சா?"

"நடை போட்டிடி."

"அப்ப நம்ம வாத்துங்கள அனுப்பலாம், எல்லாம் மெடலோட வரும்"னு சொல்லிட்டு போய்ட்டா.

சிரி சிரி. நானும் அன்னிக்கி சிரிச்சேன்.

மண்ணு

இந்த பொண்ணுக்கு ஒரு கொற. களைப்பு வந்துச்சின்னா எடது காலு எழும்பிடும். அவளுக்கே தெரியாது. மேட்டுல ஏறி எறங்கி வளந்த காலு, வேகம் வந்தா துள்ளும். டீச்சரு அத்த கண்டுபுடிச்சி, வழி ஓரமா நின்னுகினு ஒரே ஒரு வார்த்த கத்துவாங்க. "மண்ணு!" அம்மாந்தான். கால மண்ணுல வையின்னு முழுசா சொல்றதுக்குள்ள அவ தாண்டி போய்டுவா இல்ல, அதனால மண்ணு. அந்த சத்தம் காதுல வுழுந்துச்சின்னா எடது காலு தானா அமுங்கிடும். மாட்டுக்கு "தா"ன்னா நிக்கறா மாதிரி.

காலைல பனியில ஆஸ்டல் ரோட்டுல இது நடக்கும். பாலு ஊத்த போறவங்க எல்லாம் கேட்டு கேட்டு, அவுங்களும் கத்த ஆரம்பிச்சிட்டாங்க. இவ ஊருக்கு வந்தா டீக்கடையில குந்தினு இருக்கற ஆளுங்க "மண்ணு வருது டோய்"ம்பாங்க. பட்டப்பேரே ஆய்டுச்சி.

அப்பால பெரிய பெரிய எடத்துல ஜெயிச்சா. வடக்க எங்கயோ கேம்புன்னு கூப்ட்டு வச்சிகினாங்க. அங்க வேற கோச்சு. நல்லவருதான், குத்தம் சொல்லக்கூடாது, இவளுக்கு காய்ச்சல்னா கஞ்சி வாங்கி குடுத்தவரு. ஆனா அவரு பாஷையில கத்துனா இவ காலுக்கு கேக்க மாட்டேங்குது. மூளைக்கு போய், அர்த்தம் பண்ணி, அப்பால காலுக்கு வரதுக்குள்ள காலு எழும்பிடுது.

ஒரு போட்டியில டீச்சரு போவ முடியல. பள்ளிக்கூடத்துல பரீட்ச. இவ மொத ஆளா போய்க்கினு இருந்திருக்கா. கடைசி சுத்துல மூணாவது அட்டை. அப்பிடியே ரோட்டு ஓரமா குந்திட்டாளாம். பின்னால வந்த பொண்ணுங்க எல்லாம் தாண்டி போறத பாத்துகினே இருந்தேன் ஆயான்னா. அழல. அழுதிருந்தா நான் இம்மாம் யோசிச்சிருக்க மாட்டேன்.

இப்ப வெளிநாட்டு போட்டி. போறவங்க பேரெல்லாம் முடிவாய்டுச்சி. கேம்பு கோச்சு பேரு இருக்குது. விமலா டீச்சரு பேரு இல்ல. ஒரு மலை பள்ளிக்கூடத்து டீச்சர யாரு சேப்பாங்க. டீச்சரு ஒண்ணுமே கேக்கல. "நல்லா நட. கால பாத்துக்கோ"ன்னு போன்ல சொன்னாங்களாம். இவதான் எனுக்கு போன் போட்டு, "ஆயா, அவுங்க இல்லன்னா எனுக்கு மூணு அட்டை நிச்சயம். போறதும் ஒண்ணு, போவாததும் ஒண்ணு"ன்னா.

அப்பத்தான் டில்லியில பெரியவர பாக்கற நாளு வந்துச்சி.

ஊரே பஸ்ஸு கேட்டுச்சி

இங்க நடந்த கூத்து உனுக்கு தெரியும், நீதான மொத ஆளா வந்து நின்ன. இல்லன்னு சொல்லாத. "பெரியவர பாக்க போவுதாமே, நம்ம ஊருக்கு ஒரு பஸ்ஸு கேக்க சொல்லு"ன்னு நீதான் ஆரம்பிச்ச. அப்பால டவரு வேணும்னு ஒருத்தன். ஓடைக்கு பாலம் வேணும்னு ஒருத்தன். தலையில நரைகூட வுழாதவன் ஒருத்தன் வந்து, முதியோர் பென்சன் கேளுங்கறான்.

எம் பையன் போன்ல ஸ்பீக்கர் போட்டு எல்லாத்தையும் சொன்னான். அவ கேட்டுகினே இருந்தா. கடைசில, "அப்பா, நான் டீச்சர கேக்கலாம்னு இருக்கேன்"ன்னா.

எல்லாரும் என் பக்கம் திரும்பி பாக்குறாங்க.

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பஸ்ஸத்தான் கேக்க சொன்னேன். ஊரு முழுக்க நிக்கிது, மூஞ்சிய காட்டணும் இல்ல. "பஸ்ஸு வந்துச்சின்னா உங்கம்மா ஆஸ்பத்திரிக்கு போய்ட்டு அன்னிக்கே திரும்பலாம்டி"ன்னேன். அவ "சரி ஆயா"ன்னா. அந்த சரிக்கு அர்த்தம் எனுக்கு தெரியும். அவங்க தாத்தாவும் அப்பிடித்தான் சரிம்பாரு, சொல்லிட்டு அவரு இஷ்டத்துக்குத்தான் பண்ணுவாரு.

எதையாவது குடுத்தனுப்பணும்னு எனுக்கு ஆச. நல்ல பலாப்பழம் ஒண்ணு மரத்துல பழுத்து நின்னுச்சி. டீச்சரு வந்தப்ப கேட்டேன்.

"ஆயா, ஏரோப்பிளேன்ல பலாப்பழம் ஏத்த மாட்டாங்க."

"டிக்கெட்டு வேணா எடுத்துடலாம்."

"ஆயா, வாசன வந்தா எறக்கி வுட்ருவாங்க. பழத்த இல்ல, அவள."

கடைசில ரவூண்டு தேன் பாட்டில் குடுத்தனுப்புனேன். அத்தையும் வாசல்லயே வாங்கி மேஜை மேல வச்சிட்டாங்களாம். உள்ள போச்சோ, அங்க இருக்கற போலீஸ்காரரு டீயில ஊத்திகினாரோ. நல்லா இருக்கட்டும்.

நான் பாத்த தலைவரு

தலைவர பாக்கறதுன்னா ரவ வேலையா அஞ்சல? நானும் ஒருத்தர பாக்க போனேன். எம் பையன் பால்குடி. எலக்சன் சமயம். கலசப்பாக்கத்துக்கு யாரோ பெரிய தலைவரு வர்றாருன்னு சொல்லி, மலையிலருந்து எங்கள எல்லாம் எறக்கி இட்டுகினு போனாங்க. புளிசோத்து பொட்டலம் குடுத்தாங்க. அந்த சோறு இன்னும் நாக்குல நிக்கிது, வேர்க்கடலை தூக்கலா போட்டிருந்தாங்க.

காலைல வருவாருன்னாங்க. மத்தியானம்னாங்க. வெய்யில் எறங்கிடுச்சி. புள்ள பாலுக்கு அழுவுது, முந்தானைய போத்திகினு திரும்பி குந்தினேன். அந்த சமயம் பாத்து கூட்டம் "வந்துட்டாரு வந்துட்டாரு"ங்குது. நான் ரவிக்கைய சரி பண்ணிகினு எழுந்து பாக்கறேன், புழுதி. காரு போய்டுச்சி. ஒரு கை மட்டும் வெளிய தெரிஞ்சுச்சி. மோதிரம் போட்ட கை.

ஊருக்கு வந்து எங்க மாமியாரு கேட்டாங்க, "பாத்தியா, எப்பிடி இருந்தாரு?"

"செவப்பா இருந்தாரு"ன்னேன். கை செவப்பாத்தான் இருந்துச்சி.

அப்பிடிப்பட்டவ பேத்தி டில்லியில நேருக்கு நேரா நின்னா. இப்ப அந்த புல்லுக்கு வர்றேன்.

வூட்டுக்குள்ள யாரு ஷூ போட்டுகினு போவாங்க

எல்லா புள்ளைங்களும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி ஷூ. வரிசையா உள்ள போறாங்க. வாசப்படி வந்ததும் இவ ஷூவ கழட்டி ஓரமா வச்சிட்டா. வேற யாரும் கழட்டல. "வூட்டுக்குள்ள போறோம், எப்பிடி ஆயா ஷூவோட போறது"ன்னு என்னையே கேக்குறா. கரெக்ட்டுதான. முன்னால போறவங்க காலெல்லாம் பாத்ததும் திரும்பி போட்டுக்கலாம்னு நெனச்சாளாம், பின்னால இருக்கறவங்க தள்ளுறாங்க. சாக்ஸோட போய்ட்டா. தோட்டத்து புல்லு ஈரமா இருந்ததும் அத்தையும் உருவி பாக்கெட்டுல சொருவிகினா.

பெரியவரு ஒவ்வொருத்தர் கிட்டயும் வந்து ரெண்டு வார்த்த பேசுறாரு. இவளுக்கு இந்தி அங்கங்கதான் வரும். மெட்ராஸ்ல கொஞ்ச வருசம் வேல பாத்த வடக்கத்தி ஆபீசரு ஒருத்தரு பக்கத்துல நின்னுகினு மாத்தி மாத்தி சொன்னாரு. அவருக்கு நம்ம தமிழ் பாதிதான் புரியும். மீதிய தலைய ஆட்டி சமாளிக்கிறவரு.

"எந்த ஊரு?"ன்னு கேட்டாராம்.

"ஜவ்வாது மலை"ன்னா.

"மலையில நடந்து பழக்கமா?"

"ஆமாங்க."

"நல்லா நடந்துட்டு வா"ன்னு சொல்லிட்டாரு. முடிஞ்சி போச்சி. இவளுக்கு டீச்சர் பேரு தொண்டையிலயே நிக்கிது. நேரம் அம்மாந்தான் குடுத்திருக்காங்க, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்னு முன்னாடியே சொல்லியும் வச்சிட்டாங்க. கேக்க வாய் வரல. கும்புட்டா. நம்ம ஊர்ல கெளம்பறப்ப இன்னா சொல்லுவோம்? போறேன்னா சொல்லுவோம்? அது எழவு வூட்டுல சொல்றது. "வர்றேங்க"ன்னா. சொல்லிட்டு திரும்பிட்டா.

அந்த ஆபீசரு இந்தியில, "உங்க கூட வருதாம்"னு சொல்லிட்டாரு.

பெரியவரு நின்னுட்டாரு. கூட வர்றேன்னு சொன்ன பொண்ணு எதிர்பக்கம் போவுது. அவரு காத்துகினு நிக்கிறாரு. யாரோ ஓடிப்போய் இவள தட்டி, "வர்றேன்னு சொன்னியே, வா"ன்னு இட்டுகினு வந்திருக்காங்க. இவளுக்கு ஒண்ணும் புரியல. அவரு கைய நீட்டி வாம்மான்னு தோட்டத்து பக்கமா காட்டறாரு. ரெண்டு பேரும் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்பதான் அவரு கீழ பாத்திருக்காரு. வெறுங்காலு.

"ஷூ எங்க?"

"வாசல்லங்க. வூட்டுக்குள்ளன்னு..."

அந்த ஆபீசரு இத்த மட்டும் சரியா சொல்லிட்டாரு போல. பெரியவரு சிரிச்சிட்டு, "உன் நடைய காட்டு, நானும் நடந்து பாக்கறேன்"னாராம். இவ கைய மடக்கி நடந்தா. அவரும் பக்கத்துல கைய மடக்கி நடக்குறாரு. கோட்டுக்காரங்க எல்லாம் பின்னாலயே வேகமா வர்றாங்க. மனசுல நெனச்சி பாரு அஞ்சல, நாட்ட ஆள்றவரு எங்க மருமவ சொன்ன வாத்து நடை நடக்குறாரு.

அவரு காலு எழும்பிடுச்சி. வயசானவரு, பழக்கமும் இல்ல, எழும்பத்தான செய்யும். இவ யோசிக்கவே இல்ல. வருசக்கணக்கா காதுல கேட்டது வாயில வந்துடுச்சி.

"மண்ணு! மண்ணு!"

கத்திட்டா. நாட்ட ஆள்றவர பாத்து.

எல்லாரும் நின்னுட்டாங்க. ஆபீசருக்கு முழி பிதுங்குது. அவரு இன்னா பண்ணுவாரு, மண்ணுக்கு இந்தியில இன்னாவோ அத்த சொல்லிட்டாரு. பெரியவரு குனிஞ்சி புல்ல பாக்குறாரு. கோட்டுக்காரங்க எல்லாம் குனிஞ்சி பாக்குறாங்க, பாம்பு கீம்பு இருக்குதோன்னு. ஒருத்தரு புல்ல வெலக்கி வேற பாத்தாராம்.

"மண்ணுல இன்னா இருக்குது?"ன்னு கேக்குறாரு.

இப்ப கேள்வி கேட்டுட்டாரு இல்ல. கேட்ட கேள்விக்கு பதில் சொல்லலாம் இல்ல. இவளுக்கு வாய் வந்துடுச்சி. "மண்ணுல ஒண்ணும் இல்லங்க. எங்க டீச்சரு என்ன பாத்து அப்பிடித்தான் கத்துவாங்க. என் காலு எழும்பும். அவுங்க கத்துனாத்தான் எறங்கும். அவுங்க இந்த போட்டிக்கு வரல. அவுங்க வரலன்னா என்ன பாத்து யாருங்க கத்துவாங்க?"

சொல்லிட்டா. பஸ்ஸு போச்சி, டவரு போச்சி, பாலம் போச்சி. டீச்சர கேட்டுட்டா.

அவரு இந்தியில இன்னாவோ சொன்னாரு. ஆபீசரு, "பாக்கலாம்னு சொல்றாரு"ன்னாரு.

இந்த தடவ இவ உஷாரு. "வர்றேங்க"ன்னு சொல்லல. கும்புட்டுட்டு பேசாம போய்ட்டா.

பாக்கலாம்னா

வூட்டுக்கு போன் போட்டு இத்தினியும் சொன்னா. நாங்க எல்லாம் சிரிச்சி வயிறு வலிக்கிது. அவ மட்டும் சிரிக்கல. "பாக்கலாம்னுட்டாரு ஆயா"ன்னா.

எனுக்கும் சிரிப்பு நின்னு போச்சி.

நம்மூர்ல பாக்கலாம்னா இன்னா அர்த்தம், நீயே சொல்லு. எங்க தங்கச்சிய பொண்ணு பாக்க ஆரணி பக்கத்துலருந்து வந்தாங்க. கேசரிய ரெண்டு வாட்டி வாங்கி துன்னாங்க. பையனோட அத்தைக்காரி எங்க தங்கச்சி முடிய தூக்கி பாத்து நெசமுடிதான்னு வேற சொன்னா. போறப்ப, "பாக்கலாம்"னாங்க. அந்த பாக்கலாம் இன்னும் வரல. என் தங்கச்சிக்கு பேரன் பொறந்துட்டான். ஆபீசுக்கு போனா பாக்கலாம். ரேஷன் கடையில மண்ணெண்ண கேட்டா பாக்கலாம். இல்லன்னு சொல்ல வாய் கூசறவங்க சொல்ற வார்த்த அது.

அதனால காஞ்சனாவுக்கு புரிஞ்சி போச்சி, இல்லன்னுட்டாருன்னு. எனுக்கும் அதான் புரிஞ்சுது. எம் பையன் மட்டும், "அவரு இந்தியில இன்னா சொன்னாரோ, அந்தாளுதான் மண்ணுக்கே பாம்ப தேட வச்சவரு"ன்னான். அவன் சொன்னத யாரும் கணக்குலயே எடுத்துக்கல. அவன் பேச்ச எப்ப எடுத்திருக்கோம்.

இங்க ஊர்ல வேற கோவம். டீச்சர கேட்டாளாமே, பஸ்ஸ கேக்கலயாமேன்னு. நீ கூட ரெண்டு நாளு எங்க வூட்டு பக்கம் வரல. வந்தியா? மோருக்கு மட்டும் பொண்ண அனுப்புன.

அப்பால ஒருநா சாயந்தரம் நான் கொட்டாயில ஆட்டுக்குட்டிய கட்டிகினு இருக்கேன். டீச்சரம்மா மேடு ஏறி வர்றாங்க. கையில செருப்பு. செருப்பு அறுந்து போச்சாம், கையில புடிச்சிகினே ஏறி வந்திருக்காங்க. மூச்சு வாங்குது.

"ஆயா, போன் வந்துச்சி."

"யாரு போனு?"

"என்னையும் வர சொல்லிட்டாங்க. பாஸ்போர்ட் இருக்குதான்னு கேட்டாங்க."

"இருக்குதா?"

"எப்பவோ எடுத்தேன் ஆயா. எடுத்து பொட்டியில பொடவைக்கு அடியில வச்சிருந்தேன். எங்கயும் போனதில்ல."

அவுங்க சிரிச்சத அன்னிக்கித்தான் பாத்தேன். ஒரு பல்லு மேல ஏறி இருக்குது அவுங்களுக்கு. அத்தினி வருசம் தெரியாது எனுக்கு.

அவரு சொல்லி நடந்துச்சோ, இல்ல அதுவா நடந்துச்சோ, யாரு கண்டா. டில்லியில பாக்கலாம்னா பாக்கறேன்னே அர்த்தமா இருக்கும் போல. நம்ம ஆளுங்கதான் ஒரு வார்த்தைய சொல்லிட்டு வேற ஒண்ண நெனச்சிக்கறோம். வர்றேன்னா போறோம். பாக்கலாம்னா பாக்க மாட்டோம்.

கடைசி சுத்து

போட்டி அன்னிக்கி நீயும்தான டீக்கடையில இருந்த. எனுக்கு முன்னாடி பெஞ்சுல எடம் போட்டு குடுத்தாங்க. டிவியில பாத்தா எல்லா பொண்ணுங்களும் ஒரே மாதிரி இடுப்ப ஆட்டிகினு போவுதுங்க, நம்மளுது எதுன்னே தெரியல. எம் மருமவதான், "தோ அத்த, அந்த பச்ச ரிப்பன்"னா. அப்பால கண்ணு அத்த வுட்டு நகரல.

ஒரு சிவப்பு அட்டை வுழுந்துச்சி. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. எம் பையன் எழுந்து வெளிய போய்ட்டான். இன்னும் சுத்து பாக்கி கீது. எதிர்ல ஆளு கண்ணு கொட்டாம அவ காலையே பாக்குறான். எனுக்கு அவ சொன்னதுதான் ஞாபகம், ரோட்டு ஓரமா குந்தி எல்லாரும் தாண்டி போறத பாத்தேன் ஆயான்னு சொன்னாளே, அது.

அந்த நேரம் பாத்து டிவி நின்னு போச்சி. படம் ஆடாம நிக்கிது. அவ ஒரு காலு முன்னால, ஒரு காலு பின்னால, அப்பிடியே. போன் நெட்டுல ஓடற டிவி, டவரு ஒழுங்கா எடுக்காத ஊரு, இன்னா பண்றது. டீக்கடைக்காரன் அடிச்சி அடிச்சி பாக்குறான். படம் வரல. சத்தம் மட்டும் வந்துச்சி. ஜனங்க கூச்சல், கை தட்டல், எவனோ இங்கிலீஷ்ல வேகமா பேசறான். அந்த கூச்சலுக்கு நடுவுல, தெளிவா.

"மண்ணு! மண்ணு!"

நீதான் மொதல்ல என் கைய புடிச்ச. "டீச்சரு"ன்ன. எத்தினி பாஷை கத்துற ஊரு அது, அதுல நம்ம மண்ணு. கடையே சேந்து கத்த ஆரம்பிச்சிடுச்சி. பஸ்ஸு கேக்கலன்னு மூஞ்ச திருப்பிகினவனுங்க எல்லாம் "மண்ணு மண்ணு"ன்னு கத்துறானுங்க. படம் திரும்பி வந்தப்ப அவ முடிவு கோட்ட தாண்டி, குனிஞ்சி முட்டிய புடிச்சிகினு நிக்கிறா. மூணாவது அட்டை வரல.

மெடலு இல்ல. ஆறாவது ஆளா வந்தாளாம். ஆறாவதுக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாங்களாம். எம் பையன் உள்ள வந்து, "பஸ் பாஸ் கூட இல்லயா"ன்னான். அன்னிக்கி அத்தினி பேரும் சிரிச்சாங்க, ஊருக்கு பஸ்ஸே இல்லயேன்னு. எனுக்கு ஆறாவதே போதும். குந்தாம வந்துட்டா இல்ல.

இன்னும் பஸ்ஸு வரல, அது ஒண்ணு பாக்கி. அவ வர்றப்ப இந்த ஊரு அவள பஸ்ஸு எங்கன்னு கேக்காம...

ஏ, வானத்த பாரு அந்தாண்ட. கறுத்துகினு வருது. பேசிகினே வுட்டுட்டேனே, சாமை அத்தினியும் பாறை மேல கீது. மருமவ வேற கொல்லையில கீறா. அந்த சாக்க எடு. இல்ல வேணாம், நீ போய் உன் துணிய எடு, நான் ஓடறேன். வர்றேன் அஞ்சல. போறதுக்குத்தான் சொல்றேன், நீயும் டில்லிக்காரரு மாதிரி அங்கயே நின்னுகினு இருக்காத.